34 ஆண்டுகள் சட்டசபையில் பெயரே இல்லாத கள்ளக்குறிச்சி: தொகுதி மறைந்ததும், மீண்டு வந்ததும், மலைக்கு ஓட்டு வந்ததும்

கள்ளக்குறிச்சி,

எம்.ஜி.ஆர். முதல்-அமைச்சராக இருந்த காலத்தில் கள்ளக்குறிச்சி எம்.எல்.ஏ. யார்?

டீக்கடையில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். எல்லாமே தப்பு. ஏனென்றால் அப்போது கள்ளக்குறிச்சி என்ற பெயரில் சட்டசபை தொகுதியே கிடையாது.

1977, 1980, 1984, 1989, 1991, 1996, 2001, 2006 என்று வரிசையாக 8 சட்டசபை தேர்தல்கள் நடந்தன. அந்த எட்டிலும் கள்ளக்குறிச்சி பெயர் பட்டியலில் இல்லை. தாலுகா ஆபீஸ் இருந்தது. கோர்ட்டு இருந்தது. மூங்கில்துறைப்பட்டில் இருக்கும் சர்க்கரை ஆலைக்குக்கூட 'கள்ளக்குறிச்சி-1' என்று பெயர், கச்சிராயபாளையம் ஆலைக்கு 'கள்ளக்குறிச்சி-2' என்று பெயர். ஆனால் கோட்டையில் 'கள்ளக்குறிச்சி உறுப்பினர்' என்று கூப்பிட ஆள் இல்லை.

ஊர் பெயர் போனது ஒரு கதை என்றால், பக்கத்தில் நிற்கிற கல்வராயன் மலை ஜனங்களின் ஓட்டுக் கதை அதைவிடப் பெரியது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு தொகுதி, 2 எம்.எல்.ஏ.

சுதந்திரத்துக்குப் பிறகு முதல் பொதுத்தேர்தல் 1952-ல் நடந்தது. அப்போது இது தென்னாற்காடு மாவட்டம். கலெக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் கடலூருக்குத்தான் போக வேண்டும்.

அந்தக் காலத்தில் கள்ளக்குறிச்சி இரட்டை உறுப்பினர் தொகுதி. அதாவது ஒரே தொகுதிக்கு 2 எம்.எல்.ஏ.க்கள். ஒரு இடம் ஆதிதிராவிடருக்கு, இன்னொன்று பொது. ஒவ்வொரு வாக்காளருக்கும் 2 ஓட்டு. இப்போது மாதிரி பட்டனும் கிடையாது, முத்திரை குத்தும் வேலையும் கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டி மேல் சின்னம். சீட்டைக் கொண்டுபோய் பிடித்த சின்னம் ஒட்டிய பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

இந்த இரட்டைத் தொகுதி முறை ஒழிந்ததற்குப் பின்னால் ஒரு சுவாரசியமான வழக்கு உண்டு. நடந்தது ஆந்திராவில். 1957 பாராளுமன்ற தேர்தலில் பார்வதிபுரம் இரட்டைத் தொகுதியில் வி.வி.கிரி நின்றார். பின்னாளில் ஜனாதிபதி ஆன அதே கிரிதான். அங்கே ஒரு இடம் பழங்குடியினருக்கு, ஒன்று பொது. ஓட்டு எண்ணிப் பார்த்தால் முதல் 2 இடத்தையும் பழங்குடியினரே பிடித்துவிட்டார்கள். பொது இடத்திலும் மலைஜாதிக்காரர் ஜெயித்தது செல்லுமா என்று கிரி கோர்ட்டுக்குப் போனார். செல்லும் என்று 1959-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அதிக ஓட்டு வாங்கியவர் யாராக இருந்தாலும் அவர்தான் எம்.பி. என்று ஆகிவிட்டது.

அடுத்த 2 வருஷத்தில், 1961-ல், இரட்டைத் தொகுதிகளையே ஒழித்து சட்டம் வந்தது. 1962 தேர்தலில் இருந்து ஒரு தொகுதிக்கு ஒரு எம்.எல்.ஏ.தான்.

1967-ல் தி.மு.க. அலை அடித்தது. அந்தத் தேர்தலில் கள்ளக்குறிச்சி பெயரில் பாராளுமன்ற தொகுதியும் இருந்தது. 1967, 1971 இரண்டு தேர்தலிலும் தி.மு.க.வின் தெய்வீகன் இங்கிருந்து டெல்லிக்குப் போனார்.

பெயர் காணாமல் போன கதை

ஜனத்தொகை கணக்கெடுப்பு வந்தால் தொகுதி எல்லையை மாற்றி வரைவார்கள். 1971 கணக்கெடுப்பை வைத்து அப்படி வரைந்தபோது கள்ளக்குறிச்சி பெயர் அடிபட்டுப் போனது. சட்டசபை தொகுதியும் போச்சு, பாராளுமன்ற தொகுதியும் போச்சு. இரண்டுமே 1977 தேர்தலில் இல்லை.

இந்த வட்டாரம் சின்னசேலம், சங்கராபுரம், ரிஷிவந்தியம் என்ற பெயர்களில் ஓட்டுப் போட ஆரம்பித்தது. கிழக்கே உளுந்தூர்பேட்டை தனித்தொகுதியாக இருந்தது.

அந்த 30 வருஷ அரசியலில் அடிக்கடி அடிபட்ட பெயர் தி.மு.க.வின் உதயசூரியன். வேட்பாளர் பெயரும் உதயசூரியன், கட்சி சின்னமும் உதயசூரியன். சுவர் விளம்பரம் எழுதுகிறவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். 1989-ல் சின்னசேலத்தில் ஜெயித்தார். 1996-ல் சங்கராபுரத்தில் ஜெயித்தார். 2006-ல் மறுபடி சின்னசேலம். பிறகு 2016, 2021 இரண்டு முறையும் சங்கராபுரம்.

அ.தி.மு.க. பக்கம் ப.மோகன். 2001-ல் சின்னசேலம் எம்.எல்.ஏ. 2011-ல் சங்கராபுரம் எம்.எல்.ஏ. ஜெயலலிதா அமைச்சரவையிலும் இருந்தார். இரண்டு கட்சிக்காரர்களும் சின்னசேலத்துக்கும் சங்கராபுரத்துக்கும் மாறி மாறிப் போனதைப் பார்த்தால் ஒன்று புரியும். தொகுதி பெயர்தான் வேறு வேறு. பஸ் ஒன்று, சந்தை ஒன்று, கரும்பு ஒன்று, மரவள்ளி ஒன்று.

சங்கராபுரத்தில் 2001-ல் பா.ம.க.வின் காசாம்பு பூமாலை ஜெயித்தார். அடுத்த தேர்தலில், 2006-ல், தி.மு.க.வைச் சேர்ந்த அங்கையற்கண்ணி என்ற பெண்மணி எம்.எல்.ஏ. ஆனார்.

ரிஷிவந்தியம் வேறு மாதிரி. அங்கே சிவராஜ் 3 முறை தொடர்ந்து ஜெயித்தார். 1996, 2001-ல் மூப்பனாரின் த.மா.கா. சார்பில். அந்தக் கட்சி காங்கிரசோடு இணைந்த பிறகு 2006-ல் கை சின்னத்தில். கட்சி மாறினாலும் ஆள் மாறவில்லை.

அந்த வரிசையை உடைத்தவர் விஜயகாந்த்.

கேப்டன் வந்தார்

2006-ல் விருத்தாசலத்தில் நின்று ஜெயித்த தே.மு.தி.க. தலைவர் விஜயகாந்த், 2011-ல் ரிஷிவந்தியத்துக்கு வந்தார். அ.தி.மு.க. கூட்டணி. ஜெயித்தார். தே.மு.தி.க.வுக்கு மொத்தம் 29 இடம், தி.மு.க.வுக்கு 23 இடம். அதனால் ரிஷிவந்தியம் எம்.எல்.ஏ.தான் தமிழக சட்டசபையின் எதிர்க்கட்சித் தலைவர்! அதுவரை ரிஷிவந்தியம் எங்கே இருக்கிறது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டி இருந்தது. 2011-க்குப் பிறகு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் அடுத்த தேர்தலில் அவர் ரிஷிவந்தியத்தில் நிற்கவில்லை. 2016-ல் உளுந்தூர்பேட்டைக்குப் போனார். அங்கே அ.தி.மு.க.வின் குமரகுரு ஜெயித்தார். விஜயகாந்துக்கு 3-வது இடம், டெபாசிட்டும் போனது. ரிஷிவந்தியத்தில் தி.மு.க.வின் வசந்தம் கார்த்திகேயன் வந்தார். 2021-லும் அவரே ஜெயித்தார். விஜயகாந்த் 2023 டிசம்பர் 28-ந் தேதி காலமானார்.

விஜயகாந்த் உளுந்தூர்பேட்டையில் நிற்க முடிந்ததே ஒரு எல்லை மாற்றத்தால்தான். முன்பு உளுந்தூர்பேட்டை தனித்தொகுதி. 2008 மறுவரையறையில் அது பொதுத்தொகுதி ஆனது.

மீண்டும் கள்ளக்குறிச்சி, இந்த முறை தனித்தொகுதியாக

அதே 2008 மறுவரையறைதான் நம் ஊர் பெயரை மீட்டுக் கொடுத்தது. சின்னசேலம் தொகுதி ரத்து. கள்ளக்குறிச்சி 80-வது தொகுதியாக, ஆதிதிராவிடருக்கான தனித்தொகுதியாகத் திரும்பி வந்தது. அக்கம்பக்கத்தில் 77 உளுந்தூர்பேட்டை, 78 ரிஷிவந்தியம், 79 சங்கராபுரம்.

1971 தேர்தலுக்கு அப்புறம் 2011-ல்தான் மறுபடி 'கள்ளக்குறிச்சி எம்.எல்.ஏ.' என்று ஒருவர் வந்தார். அவர் அ.தி.மு.க.வின் அழகுவேல் பாபு. விடுதலைச் சிறுத்தைகள் வேட்பாளரைத் தோற்கடித்தார்.

2016-ல் அ.தி.மு.க.வின் பிரபு. இவர் காலம்தான் பரபரப்பானது. ஜெயலலிதா இறந்த பிறகு கட்சி உடைந்தபோது, 2018-ல் டி.டி.வி.தினகரன் பக்கம் போனார். 2019 ஏப்ரல் கடைசியில் சபாநாயகர் தனபால், கள்ளக்குறிச்சி பிரபு, விருத்தாசலம் கலைச்செல்வன், அறந்தாங்கி ரத்தினசபாபதி ஆகிய 3 பேருக்கும் பதவியை ஏன் பறிக்கக்கூடாது என்று நோட்டீஸ் அனுப்பினார். இடைத்தேர்தல் நேரம் அது. ஆட்சிக்கு ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் கணக்கு. சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டது. அந்த வருஷம் ஜூலையில் பிரபு மீண்டும் எடப்பாடி பழனிசாமி பக்கமே வந்துவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை. எம்.எல்.ஏ. எதிர் முகாமில் இருந்த நேரத்தில்தான் ஊருக்குப் பெரிய அறிவிப்பு வந்தது. 2019 ஜனவரி 8-ந் தேதி, கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகும் என்று சட்டசபையில் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். நவம்பர் 26-ந் தேதி மாநிலத்தின் 34-வது மாவட்டமாகத் தொடங்கி வைத்தார். 1993 செப்டம்பர் 30-ல் தென்னாற்காடு பிரிந்து விழுப்புரம் மாவட்டம் உருவானதில் இருந்து 26 வருஷம் விழுப்புரத்துக்கு பஸ் ஏறிய ஜனங்கள், அன்று பட்டாசு வெடித்தார்கள் என்றால் சும்மா இல்லை. சாதாரண ஒரு சான்றிதழ் தகராறுக்குக்கூட ஒரு நாள் கூலி போய்விடும்.

அரசு மருத்துவக்கல்லூரி 2022 ஜனவரி 12-ல் திறக்கப்பட்டது. பிரதமர் மோடி ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் இதுவும் ஒன்று. சின்னசேலம் - கள்ளக்குறிச்சி ரெயில் பாதை? 16 கிலோ மீட்டர்தான். எத்தனை தேர்தலில் எத்தனை பேர் அதற்கு வாக்குறுதி கொடுத்தார்கள் என்று எண்ண ஆரம்பித்தால் தண்டவாளத்தைவிட நீளமாகப் போகும்.

2021-ல் மாவட்டத்தின் 4 தொகுதிகளில் உளுந்தூர்பேட்டை, ரிஷிவந்தியம், சங்கராபுரம் மூன்றையும் தி.மு.க. பிடித்தது. கள்ளக்குறிச்சியில் மட்டும் அ.தி.மு.க.வின் செந்தில்குமார், காங்கிரஸ் வேட்பாளரைத் தோற்கடித்தார். 2011-ல் பெயர் திரும்பி வந்ததில் இருந்து 2021 வரை 3 தேர்தலிலும் இங்கே இரட்டை இலைதான் என்பது குறிப்பிடத்தக்கது.

மலையில் சட்டசபை இல்லை, ஜாகீர் இருந்தது

கீழே இப்படி 1952-ல் இருந்து ஓட்டுப் பெட்டி வைத்துக் கட்சி மாறி, எல்லை மாறி வந்த கதை ஓடுகிறது. மேலே கல்வராயன் மலையில் நடந்தது வேறு.

சுமார் 1,095 சதுர கிலோ மீட்டர் மலை. சின்ன கல்வராயன், பெரிய கல்வராயன் என்று 2 பாகம். மலையாளி என்ற பழங்குடியினர் வாழும் மலை. மலையாளி என்றதும் கேரளாவை நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர், அதனால் மலையாளி. பேசுவது தமிழ். காஞ்சீபுரத்தில் இருந்து வந்த அண்ணன் தம்பி 3 பேரில் பெரியண்ணன் வழி கல்வராயனுக்கும், நடுவண்ணன் வழி பச்சைமலைக்கும், சின்னண்ணன் வழி கொல்லிமலைக்கும் போனது என்று அவர்கள் கதை சொல்வார்கள்.

கள்ளக்குறிச்சி பக்கத்து மலையை 3 ஜாகீர்தாரர்கள் ஆண்டார்கள். சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் ஜாகீர்கள் என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்திலும் அவர்கள்தான். வெள்ளைக்காரன் போன பிறகும் அவர்கள்தான். நாட்டில் ஜமீன் ஒழிந்தது, ராஜாக்கள் மானியம் ஒழிந்தது. மலையில் ஜாகீர் ஒழியவில்லை.

இனாம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தை 1963-ல் தமிழ்நாட்டில் கொண்டு வந்தார்கள். அந்தச் சட்டம் கல்வராயன் மலை ஏறி வர 13 வருஷம் ஆனது. 1976 ஜூன் 25-ந் தேதிதான் ஜாகீர் கிராமங்களை அரசு எடுத்துக்கொண்டது. தேதியைக் கவனியுங்கள். நாட்டில் நெருக்கடி நிலை வந்து சரியாக ஒரு வருஷம். ஊர் முழுக்க உரிமை போச்சு என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில் இந்த மலைக்கு அரசாங்கமே அப்போதுதான் வந்தது.

ஓட்டு? மலை ஜனங்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1996-ல்தான் என்று 2024-ல் சென்னை ஐகோர்ட்டில் எடுத்துச் சொல்லப்பட்டது. அந்தக் கணக்குப்படி பார்த்தால், கீழே இருக்கிறவர்கள் காமராஜர், அண்ணா, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா என்று ஓட்டுப் போட்டு முடித்து, 10 சட்டசபை தேர்தல் ஆன பிறகுதான் மலைக்காரர் விரலில் மை வைத்திருக்கிறார்.

மலை ஒன்று, தொகுதி இரண்டு

ஓட்டு வந்தது. அந்த ஓட்டு எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் அடுத்த விஷயம். இதை எந்தக் கட்சி மேடையிலும் விளக்கமாகச் சொல்லிக் கேட்டதில்லை.

2008 மறுவரையறையில் கள்ளக்குறிச்சி பக்கத்து மலை சங்கராபுரம் தொகுதியில் சேர்ந்தது. அது பொதுத்தொகுதி. மலை ஓட்டு கொஞ்சம், கீழ்நாட்டு ஓட்டு அதிகம். சேலம் மாவட்டத்துப் பக்கம் இருக்கும் கருமந்துறை மலை ஏற்காடு தொகுதியில் இருக்கிறது. ஏற்காடு பழங்குடியினருக்கு ஒதுக்கிய தொகுதி.

மாமன் வெள்ளிமலையில், மச்சான் கருமந்துறையில். ஒரே இனம், ஒரே பேச்சு, ஒரே திருவிழா. மச்சான் தேர்தலில் நிற்கலாம் என்றால் அவருக்கு ஒதுக்கீடு உண்டு. அங்கே எந்தக் கட்சி ஜெயித்தாலும் எம்.எல்.ஏ. ஒரு பழங்குடிக்காரர். மாமன் நிற்கலாம் என்றால் சட்டம் தடுக்காது, ஆனால் சங்கராபுரம் கீழ்நாட்டில் பெரிய கட்சிகளின் ஆட்களோடு மோதி டிக்கெட் வாங்கி வர வேண்டும்.

ஏன் இப்படி? தனித்தொகுதி ஒதுக்குவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மாநிலத்தின் மொத்த ஜனத்தொகையில் பழங்குடியினர் எத்தனை சதவீதமோ, மொத்தத் தொகுதியில் அத்தனை சதவீதம் அவர்களுக்கு. 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பழங்குடியினர் சுமார் 6 லட்சத்து 51 ஆயிரம் பேர். ஒரு சதவீதத்தை ஒட்டி வரும். 234-ல் ஒரு சதவீதம் என்றால் 2 தொகுதிதான். முன்பு ஏற்காடு, சேந்தமங்கலம், உப்பிலியபுரம் என்று 3 இருந்தது. 2008-ல் உப்பிலியபுரம் போய் 2 ஆனது. அதே சமயம் ஆதிதிராவிடர் தொகுதிகள் 42-ல் இருந்து 44 ஆனது.

ஆதிதிராவிடர் தொகுதிகளை மாநிலம் முழுக்கப் பரவலாக ஒதுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. பழங்குடியினர் தொகுதிக்கு அப்படி இல்லை. எந்தத் தொகுதியில் அவர்கள் சதவீதம் மிக அதிகமோ அங்கேதான் ஒதுக்குவார்கள். கல்வராயன் மலையை இரண்டாக வெட்டி, ஒரு துண்டை சங்கராபுரம் கீழ்நாட்டோடு சேர்த்தால் சதவீதம் எங்கே ஏறும்? மலையை ஒரே தொகுதியில் வைத்து வரைந்திருந்தால் வெள்ளிமலைக்காரருக்கும் அந்த ஒதுக்கீடு கிடைத்திருக்கும். மாவட்ட எல்லையைத் தாண்டி சட்டசபை தொகுதி வரைவதில்லை என்பது அதிகாரிகள் பின்பற்றும் வழக்கம். மலை நடுவே மாவட்டக் கோடு போவதால் மாட்டிக்கொண்டது மலைக்காரர்.

பாராளுமன்றத்தில் மட்டும் மலை ஒன்றாக இருக்கிறது. 2009-ல் மீண்டும் வந்த கள்ளக்குறிச்சி பாராளுமன்ற தொகுதியில் ரிஷிவந்தியம், சங்கராபுரம், கள்ளக்குறிச்சி, அதோடு சேலம் மாவட்டத்தின் கெங்கவல்லி, ஆத்தூர், ஏற்காடு என்று 6 சட்டசபை தொகுதிகள். மலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே எம்.பி.க்குத்தான் ஓட்டுப் போடுகின்றன. 2009-ல் தி.மு.க.வின் ஆதிசங்கர், 2014-ல் அ.தி.மு.க.வின் காமராஜ், 2019-ல் தி.மு.க.வின் கவுதம சிகாமணி, 2024-ல் தி.மு.க.வின் மலையரசன் ஜெயித்தார்கள்.

சாராயம் வந்து சொன்ன பிறகுதான்

2024 ஜூன் 18, 19-ந் தேதிகளில் கள்ளக்குறிச்சி டவுனுக்குள்ளேயே கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள், பெண்களும் உண்டு. கலெக்டர் மாற்றப்பட்டார், போலீஸ் சூப்பிரண்டு சஸ்பெண்டு ஆனார். சட்டசபைக்கு அ.தி.மு.க. உறுப்பினர்கள் கருப்புச் சட்டையில் வந்து வெளியேற்றப்பட்டார்கள். கள்ளச்சாராயத்துக்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்க சட்டத்தைத் திருத்தினார்கள். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றி 2024 நவம்பரில் ஐகோர்ட்டு உத்தரவு போட்டது.

அந்த வாரம் முழுக்க டி.வி.யைத் திறந்தால் கல்வராயன் மலைதான். சாராய மலை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஊறல் போட்டவர்கள் அங்கே உண்டு, இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மெத்தனால் மலையில் விளைகிற பொருள் இல்லை.

இந்த நேரத்தில்தான் சென்னை ஐகோர்ட்டு நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், குமரப்பன் ஆகியோர், மலை ஜனங்களின் வாழ்க்கை நிலை பற்றி தாங்களாகவே வழக்கு எடுத்தார்கள். ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை என்று கேள்வி மேல் கேள்வி. ஜாகீர் கதையும், 1976-ம், 1996-ம் கோர்ட்டில் பேசப்பட்டது அந்த வழக்கில்தான். முதல்-அமைச்சர் நேரில் போய்ப் பார்க்கலாமே என்று 2024 ஜூலையில் நீதிபதிகள் யோசனை சொன்னார்கள்.

இத்தனை எம்.எல்.ஏ.க்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கோர்ட்டு கேட்டது.

மலையில் இருப்பவர்கள் மனு எழுதும்போது குழப்பம் வராமல் இருக்க: வெள்ளிமலைக்காரர் என்றால் கல்வராயன்மலை தாலுகா, வெள்ளிமலை ஒன்றிய ஆபீஸ், கள்ளக்குறிச்சி கலெக்டர், சங்கராபுரம் எம்.எல்.ஏ. கருமந்துறைக்காரர் என்றால் பெத்தநாயக்கன்பாளையம் ஒன்றியம், சேலம் கலெக்டர், ஏற்காடு எம்.எல்.ஏ. இரண்டு பேருக்கும் எம்.பி. கள்ளக்குறிச்சிதான்.